நிசீதிகையில் விளையாடலாமா?

இறந்தோரின் நினைவிடத்தில் விளையாடுவது தகுமா என்னும் வினா, மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு வினாவாகவே தோன்றாது. ‘தகாது’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு நம் பெரியோர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவர். ஆயினும் இவ்வினாவை இப்பொழுது நாம் நிதானமாக ஆராய வேண்டியவர்களாக இருக்கிறோம். செஞ்சிக் கோட்டை 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் படைத்தலங்கள் என்னும் 12 கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளவை. தமிழகத்திற்கு இஃது ஒன்றே. கோட்டையைக் காண வருவோர் பெருகப் பெருக, அவர்தம் கால்கள் அருகிலுள்ள குன்றுகளையும் நாடும். அவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் உரியது.

முதலில் விளையாட்டு இன்னதென்று கூறிவிடுகிறேன். ஆங்கில நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இதனை ‘ஜியோகேச்சிங்’ என்பர். வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கையடக்கக் கருவி காட்டும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்பை வேண்டுமென்றே பிழைபடுத்தி வந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடையை நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறக்கூடியதாக இருந்த குறிப்பு, சில மீட்டர் அளவிற்குத் துல்லியமாயிற்று. அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகான் மாநிலத்துக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து வைத்து, அவ்விடத்தின் எண்களை உலகிற்கு அறிவித்தார். புத்தகமும் உண்டிவில்லும் டின்னில் அடைத்த அவரையும் அதில் இருந்தனவாம். கண்டெடுப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும். உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். அவ்வளவே விளையாட்டு. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

இப்பெட்டிகள் இடுகாடுகளுக்குள்ளும் புகுந்தன. ஆரிகான் பகுதிக்கு 1840 களிலிருந்து மாட்டு வண்டிகளில் குடியேறிய முன்னோடிகள் பலர் வழியிலும் வந்து சேர்ந்த இடத்திலும் நோயுற்று மாண்டனர். அவர்தம் சிறு சிறு இடுகாடுகள் வயல் ஓரங்களிலும் மேட்டு நிலங்களிலும் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. 1859 பிப்ரவரி 14 இல் அம்மாநிலம் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்குச் சரியாக ஐம்பதாண்டு கழிந்த 1909 பிப்ரவரி 14 க்கு முன் இறந்த ஒருவரேனும் புதைக்கப்பட்டிருந்தால் அதனை வரலாற்று இடுகாடாகக் கொள்ளலாம் என்று அங்குச் சட்டம் வகுத்திருக்கிறார்கள். இத்தகைய இடங்களில் பெட்டி தேடி வந்தவர்கள் சாய்ந்த கற்களைக் கண்டனர், பெயர்களைப் படித்தனர், சிலர் குப்பையை அகற்றினர். வேறு சிலரோ பூக்கொத்தைப் புரட்டினர், கல்லை அசைத்தனர். 2005 ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில், இடுகாடுகளிலும் தொல்லிடங்களிலும் அனுமதியின்றி இவ்விளையாட்டை ஆடுவது குற்றம் என்று ஒரு சட்ட முன்வரைவே கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகாமல் நின்றுவிட்டதெனினும், கொண்டுவந்தவர்களின் மனவருத்தம் மெய்யானதே.

ஆரிகானில் வாழும் என் பெயர்த்தி அத்தகைய இடுகாடு ஒன்றில் பெட்டி தேடியதை எனக்கு எழுதியிருந்தாள். ஆறு வயதில் இறந்த ஒரு குழந்தையின் கல்லைப் படித்தபின் விளையாட்டே மறந்துபோயிற்றாம். அதே கடிதத்தில், “பாட்டி, நம் திருநாதர் குன்றில் இப்படி ஒரு பெட்டி வைத்தால் என்ன? உலகம் முழுவதிலிருந்தும் ஆள்கள் வருவார்களே!” என்று கேட்டிருந்தாள். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். பிள்ளை கேட்ட வினாவை அதட்டி அடக்குவது ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முறையன்று. எனவே எண்ணிப் பார்த்தேன்.

செஞ்சிக்கு வடக்கே, பல்லவர் காலக் குடைவரைக் கோயிலுள்ள சிங்கவரம் செல்லும் பக்கத்தில் அமைந்தது திருநாதர் குன்று. உச்சியிலுள்ள பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். அக்குன்றிலேயே பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். ஐம்பத்தேழு நாள் அநசனம் நோற்று உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை அஃது என்பதே அதன் செய்தி. பிற்காலத்துக் கல்வெட்டு ஒன்று, முப்பது நாள் அநசனம் நோற்ற இளையபட்டாரர் என்பவரைக் குறிக்கிறது. இரண்டுமே மிகச் சிறியவை.

முன்னோடிகளின் இடுகாட்டுக் கல்லில் பிறந்த ஊர், பெற்றோர், மனைவி, மக்கள், வந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் இருக்கும். திருநாதர் குன்றின் பழைய கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, குலமும் ஊரும் இல்லை. நாள் கணக்கு மட்டும் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதை எழுதாமல், எத்தனை நாள் உணவை நீத்தார் என்பதை எழுதிய கல் அது. அவ்வெண் ‘ஐ’ என்னும் எழுத்தில் தொடங்குவதால் ஒரு பயனும் விளைந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஐகாரத்தின் மிகப் பழைய வடிவத்திற்குச் சான்றாக இதனையே காட்டுவார்கள். முனிவர் ஐம்பத்தேழு நாள் நோற்றதால் ஓர் உயிரெழுத்தின் வரலாறு நமக்குக் கிடைத்தது! ‘ஆசிரிகர்’ என்ற சொல்லைப் பார்க்குந்தோறும், ஆசிரியத் தொழில் செய்தவள் என்ற முறையில் எனக்குச் சிறிது பெருமிதம் உண்டு. அதுவும் மானக் கஷாயந்தானே என்று உடனே அடக்கிக்கொள்வேன்.

செஞ்சி என்றால் நாட்டார் நினைப்பது இராஜா தேசிங்கைத்தான். ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து 1714 இல் இளவயதிலேயே களத்தில் மாண்ட அவ்வீரனைப் பற்றிக் கதைப்பாடல் உண்டு, திரைப்படம் உண்டு, அவனுடைய குதிரையைக்கூட ஊர் மறக்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாளெடுத்து மாண்டவனுக்கு ஊரெல்லாம் நினைவு. எவ்வுயிரையும் வருத்தாமல் தன் உடலின் சுமையை இறக்கி வைத்தவர்க்கு ஒரு வரிக் கல். இந்நிலையில், “ஆள்கள் வருவார்களே” என்ற குழந்தையின் ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அப்படியானால் பெட்டி வைத்தால் யாருக்குக் குற்றம் இழைத்தவராவோம்? முனிவருக்கு அன்று. நிசீதிகை இடுகாடு அன்று என்பதை நம் இளைஞர் முதலில் உணர வேண்டும். அங்கே ஒருவர் ‘உறங்கிக்கொண்டு’ இருக்கவில்லை. பழைய ஆடையைக் களைவதுபோல் உடலைக் களைந்து ஆன்மா சென்றுவிட்டது. எஞ்சிய பொருளை நாம் வணங்குவதில்லை. நாம் வணங்குவது அவ்விடத்தில் நிகழ்ந்த துறவை. எனவே, ‘இறந்தவர் மனம் நோகும்’ என்று பெயர்த்திக்கு நான் எழுதினால் அது நம் சமயத்திற்கு ஒவ்வாத விடையாகிவிடும்.

ஆனால் அங்கே ஓர் இழுக்கு இருக்கிறது. உண்டி, உறவு, உடல் என அனைத்தையும் ஒருவர் விட்ட இடத்தில், ‘ஒன்றை எடு, ஒன்றை வை’ என்று ஒரு பெட்டியை நாம் கொண்டு வைப்பதை எண்ணிப் பாருங்கள். மயிற்பீலியும் கமண்டலமும் தவிர ஒன்றும் கொள்ளாதவர் அமர்ந்த பாறையின் இடுக்கில் பிளாஸ்டிக் பொம்மையும் சாவிக் கொத்தும். இதில் ஒருவரும் துன்புறவில்லை. ஆயினும் இடத்தின் பொருளே தலைகீழாகிறது. கல்லூரிப் படிப்பில்லாத நம் பாட்டிமார்க்கும் இது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் அதனை ஐவகையாகப் பிரிக்கிறார். ஐந்தனுள் ஒன்று பிரமாதசரியை. அதாவது, நோக்கமின்றி நிலத்தைக் கிண்டுதல், நீரை அலைத்தல், செடியை முறித்தல், வீணே அலைதல், பிறரை அலையச் செய்தல். அருங்கலச்செப்பைப் பிள்ளைப்பருவத்தில் மனனம் செய்தவர்கள் இதனை அறிவார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியவர் இவ்விளையாட்டை நேரில் கண்டவர்போல் எழுதியிருப்பது வியப்பே.

செஞ்சிப் பாறைகளை அறிந்தவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடக்கும் குண்டுக் கற்கள். ஒவ்வோர் இடுக்கிலும் தேள் உண்டு, பூரான் உண்டு, அரணையும் பல்லியும் சிலந்தியும் எறும்பின் முட்டைகளும் உண்டு. ‘இருபது அடிக்குள் எங்கோ இருக்கிறது’ என்று கருவி காட்டியவுடன், தேடுபவன் அத்தனை இடுக்கிலும் கை விடுவான், கோல் விடுவான், சிறு கற்களைப் புரட்டுவான். ஒருவன் சென்றபின் இன்னொருவன். ஐந்தடி நிலத்தைப் பீலியால் நீவி அமர்ந்த ஒருவரின் நினைவிடத்தில் இது நடக்கும். பெட்டியைப் புதைக்கக் கூடாது, இடத்தைச் சிதைக்கக் கூடாது என்று அவ்விளையாட்டினர் தமக்கே விதி வைத்திருக்கின்றனர். அது நல்ல விதி. ஆனால் எறும்புக்கு அவர்கள் விதி எழுதவில்லை.

பெட்டியைக் குறித்து எழுதப்படும் அறிமுகச் சொற்களும் எனக்கு அச்சம் தருகின்றன. ‘இங்கே ஒருவர் பட்டினி கிடந்து செத்தார்’ என்று ஒரு வரி எழுதி, அதனை வேடிக்கைப் பொருளாக்க எவ்வளவு நேரமாகும்? சல்லேகனையைத் தற்கொலையோடு சேர்த்து எண்ணும் மயக்கம் கற்றவரிடமும் உண்டு. 2015 ஆகஸ்ட் 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. அத்திங்கள் முடியுமுன் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. விரக்தியால் உயிரைப் போக்கிக் கொள்வதற்கும், விருப்பு வெறுப்பின்றி உடல் உதிர்வதை விழிப்போடு ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கருவியைக் கையில் பிடித்து மலையேறி வருபவனுக்கு ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

இவ்வளவு கூறியபின், ‘ஆகவே யாருக்கும் இடத்தையே சொல்லாமல் விட்டுவிடுவோம்’ என்று நம்முள் சிலர் முடிவு செய்வர். அவ்வாறு என்னிடம் கூறியவர்களும் உண்டு. மறைத்து வாழ்வது தமிழ்ச் சமணர்க்குப் பழக்கமான வழி. செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் நம்மவரைக் கொன்று குவித்ததையும், பலர் நெற்றியில் நீறு பூசி உயிர் தப்பியதையும் நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அன்று மறைத்ததால் பிழைத்தோம். புதையல் இருப்பதாக எண்ணிக் கோயில் மேடைகளையும் பாறைப் பள்ளிகளையும் நள்ளிரவில் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் ஆதலின், இவ்வச்சம் முற்றிலும் வீணன்று.

ஆயினும் நான் அவர்களோடு உடன்படவில்லை. யாரும் அறியாத குன்று ஜல்லியாகப் போகும். மதுரையில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010 இல் எழுந்தபோது அதனைத் தடுத்தவர்கள், அம்மலையை அறிந்திருந்த ஊர் மக்களே. அதே ஆண்டில் தொடங்கிய பசுமை நடை இயக்கத்தினர் மாதந்தோறும் மக்களை அங்குள்ள சமணக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று வரலாறு சொல்லி வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சமணரல்லர். அரிட்டாபட்டியை 2022 இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன்பின்னும் டங்ஸ்டன் சுரங்கம் அங்கு வர இருந்தது. ஊரே திரண்டெழுந்ததால் 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. மறைத்து வைத்திருந்தால் அம்மலைக்கு வாய் பேச யார் இருந்திருப்பார்கள்? நம்மவர் நடத்திவரும் அகிம்சை நடையும் இவ்வெண்ணத்தில் பிறந்ததே. கோயில் பூட்டைத் திறந்து பல நாளான ஊர்களுக்கும் அவர்கள் போய் வருகின்றனர்.

குறிப்பேட்டில் பெயர் எழுதும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல். ‘நான் வந்தேன்’ என்று பதியும் விருப்பம் புதியதன்று. சிரவணபெளகொளத்துச் சந்திரகிரிப் பாறைகளில், நிசீதிகைக் கல்வெட்டுகளுக்கு நடுவே, யாத்திரை வந்தவர்கள் தம் பெயரைப் பொறித்து வைத்திருக்கின்றனர். இன்று அவற்றையும் அறிஞர் அச்சிட்டுப் பாதுகாக்கின்றனர். அன்று பொறித்தது வரலாறு, இன்று காதலர் பெயரைக் கீறுவது குற்றமா என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டால், எளிதாக விடை கூற முடியாது. இரண்டிலும் மானம் என்னும் கஷாயம் உண்டென்றே நான் கொள்கிறேன். ஒன்றில் அது பக்தியோடு கலந்திருந்தது. காலம் அதனை மென்மையாக்கிவிட்டது. ஆனால் காலம் மென்மையாக்கும் என்று நம்பி நாம் இன்று கீறத் தொடங்க முடியாது. ஐகாரத்தின்மேல் ஒரு கீறல் விழுந்தால் அவ்வெழுத்து அத்தோடு போயிற்று.

வெளியாரை மட்டும் கடிந்து பயனில்லை. பாறைச் சிற்பங்களுக்குப் பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் பூசியவர்கள் யார்? படுக்கைகளின்மேல் சிமெண்டு மேடை கட்டிப் பளிங்கு ஓடு பதித்தவர்கள் யார்? புகைப்படத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டுக் குழிகளில் சுண்ணப் பொடியைத் தேய்த்து விட்டுப் போகிறவர்கள் யார்? அமெரிக்காவிலும் இடுகாட்டுக் கல்லைப் படிக்க முகச்சவர நுரையைத் தடவிக் கெடுத்தவர்கள் உண்டாம். பக்தியால் செய்தாலும் ஆர்வத்தால் செய்தாலும் கல் அரிப்பது அரிப்பதுதான். அத்தகைய திருப்பணிக்குப் பொருளுதவி கேட்டு வருவோரிடம், பாறையைப் பாறையாக விடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள்.

என் பெயர்த்திக்கு நான் எழுதிய விடை இதுதான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பெட்டி வைக்கலாகாது. ஆனால் பெட்டியே இல்லாத ஒரு வகை விளையாட்டை அங்கு ஏற்கின்றனர். 2004 முதல் அமெரிக்க நிலவியல் கழகம் நடத்திவந்த முறையில், குறித்த இடத்திற்குச் சென்று, பாறையையோ மண்ணையோ உற்று நோக்கி, கேட்ட வினாவிற்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். அங்கே வைப்பதும் இல்லை; எடுப்பதும் இல்லை. பழைய கட்டடங்களிலும் கல்வெட்டுகளிலும் இவ்வாறே, கல்லில் உள்ள ஓர் ஆண்டையோ பெயரையோ கண்டு எழுதுவதே ‘கண்டெடுத்தல்’ ஆகும். இதற்குக் கை வேண்டியதில்லை, கண் போதும். இடுக்கில் உள்ள தேளும் எறும்பும் தம்பாட்டில் இருக்கும். வினாவைத் தொடுப்பவர் கல்லை அறிந்தவராக இருந்தால், வருபவரும் ஏதேனும் அறிந்தே இறங்குவார்.

அதுவும் எல்லார்க்கும் அறிவித்துச் செய்வதற்கு முன், குன்றின் அடிவாரத்து ஊராரைக் கேட்க வேண்டும். தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும். மேல்சித்தாமூர் மடத்திலும் தெரிவிக்க வேண்டும். கொடாததைக் கொள்ளாமை என்னும் விரதம் பொருளுக்கு மட்டும் உரியதன்று; பிறர் காத்து வரும் இடத்திற்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். கோடையில் பாறை கொதிக்கும். காலையிலேயே ஏறி வெயிலுக்கு முன் இறங்க வேண்டும் என்பதும் அறிவிப்பில் இருக்கட்டும்.

மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவிற்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் அரை நாள் ஒதுக்கிச் செஞ்சிக்கும் வந்து, இதனை முதலில் நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்கலாம். வினாக்கள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன். மேல் வரிசையில் எத்தனை பேர், கீழ் வரிசையில் எத்தனை பேர்? ஐகாரம் இன்று நாம் எழுதுவதற்கு எவ்வகையில் ஒத்திருக்கிறது, எவ்வகையில் மாறியிருக்கிறது? கையால் தொடாமல் தாளில் வரைந்து வருக. இரு நிசீதிகைகளுக்கும் இடையே நோன்பு நாள்களில் எத்தனை வேறுபாடு? சிறியவர்க்கு இவை போதும். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்க்கு ஒன்றே ஒன்று: இக்கல்லை வெட்டுவித்தவர் தம் பெயரை ஏன் எழுதவில்லை? விடை கல்லில் இல்லை. அப்பிள்ளைகள் எழுதும் விடைகளை ஆசிரியர் குழுவிற்கு அனுப்பினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.